அழுக்கான பஞ்சு சொல்லாத செய்தி



எங்கள் பள்ளியில் நடைபெற்ற புத்தாக்கப் போட்டியைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதலாம் என்றுதான் அமர்ந்தேன். எழுத எழுத அது என் வகுப்பறையைப் பற்றியும், என் தந்தையாரைப் பற்றியும், நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் நீண்டுவிட்டது. சற்றுப் பெரிய கட்டுரைதான். இருந்தாலும், பிள்ளைகளுக்குப் புகைப்பழக்கத்தின் தீமையைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும், புகைக்கும் ஒவ்வொரு தந்தையும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆவல்.

மாணவன் கொண்டுவந்த தாள்குழல்

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அன்று தங்கள் படைப்புகளை மேசைகளின் மேல் பரப்பி வைத்திருந்தார்கள். தானாக நீர் பாய்ச்சும் பூந்தொட்டி, பழைய நெகிழிப் புட்டியில் செய்த கொசுப்பொறி, காலணி அட்டைப்பெட்டியில் செய்த உண்டியல் என்று வழக்கமாக வருகின்றவைதாம். கடைசி மேசையில் ஒரு மாணவன் பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அதற்குள் விரல் நீளத்தில் வெள்ளைத் தாள்குழல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

வெள்ளைத்தாளைப் பட்டையாக வெட்டி, பென்சிலின் மேல் இறுக்கமாகச் சுற்றி, பசை தடவி உருவியிருந்தான். ஒரு முனையில் சிகரெட்டைச் செருகலாம். மறுமுனையில், வாய் வைக்கும் பக்கத்தில், மருந்துக் கடையில் விற்கும் பஞ்சைச் சிறிதளவு உருட்டி அடைத்திருந்தான். ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் குப்பையில் போட்டுவிடலாம். நெகிழி இல்லை, தாளும் பஞ்சும் மண்ணில் மக்கிவிடும். ஒரு குழலுக்கு ஆகும் செலவு சில சென் மட்டுமே. இவ்வளவையும் அவன் மூச்சு விடாமல் விளக்கினான். சுற்றுச்சூழல் பாடமும் கணிதப் பாடமும் அவனுக்கு நன்றாகவே பதிந்திருந்தன!

அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு மணிலா அட்டை. அதில் ஏழு பஞ்சுத் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. திங்கள் முதல் ஞாயிறு வரை அவனுடைய தந்தை பயன்படுத்திய குழல்களிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்தவை. ஏழும் பழுப்பு நிறம். சில கறுத்தே போயிருந்தன. அட்டையின் தலைப்பில், “அப்பாவின் நுரையீரலைக் காப்போம்” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

நடுவர்களாக வந்த ஆசிரியர்கள் இருவரும் அசந்து நின்றார்கள். நானும்தான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை, சிக்கல் ஒன்றைத் தன் வீட்டிலேயே கண்டு, அதற்கு ஒரு தீர்வைத் தானே ஆக்கி, ஒரு வாரம் சோதித்தும் பார்த்திருக்கிறான். வேறு என்ன வேண்டும்? முதல் பரிசு அவனுக்குத்தான் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பிறகு பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டேன். “உனக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது, ஐயா?”

“நீங்க காட்டின காணொளிதான் சார்” என்றான்.

என் பாடம் செய்த வேலை

நலக்கல்விப் பாடத்தில் புகைத்தலின் தீமையைக் கற்பிக்கும்போது நான் வழக்கமாக ஒரு காணொளியைக் காட்டுவேன். நம்மில் பலரும் காட்டியிருப்போம். ஒரு நெகிழிப் புட்டியின் வாயில் பஞ்சை அடைத்து, சிகரெட்டைச் செருகிப் பற்றவைத்து, புட்டியை அமுக்கி அமுக்கிப் புகையை இழுக்கச் செய்வார்கள். சிகரெட் எரிந்து முடிந்ததும் பஞ்சை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். வெள்ளைப் பஞ்சு பழுப்பாகியிருக்கும். வகுப்பே “ஐயே!” என்று முகத்தைச் சுளிக்கும். “பார்த்தீர்களா? இதுதான் நுரையீரலுக்குள் போகிறது” என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவேன். பல ஆண்டுகளாக நான் பெருமைப்பட்டுக்கொண்ட பாடம் அது.

முப்பது மாணவர்கள் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். நுரையீரல் அழுக்காகிறது என்று இருபத்தொன்பது பேர் புரிந்துகொண்டிருக்கலாம். அவன் மட்டும் வேறொன்றைப் புரிந்துகொண்டான். பஞ்சு அழுக்காகிறது; அப்படியானால் அழுக்கைப் பஞ்சு பிடித்துக்கொள்கிறது. பிறகு அப்பாவுக்கு என்ன கவலை? பஞ்சு வைத்துக் கொடுத்துவிட்டால் போதுமே!

அவன் தவறாகப் புரிந்துகொண்டான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் காட்டியதை வைத்து அந்த முடிவுக்கு வருவது இயல்பே. பஞ்சில் தங்கியதை மட்டும்தான் நான் காட்டினேன். பஞ்சைக் கடந்து போனதைக் காட்டவே இல்லை.

அவன் மேலும் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையான கலக்கம் ஏற்பட்டது. அவனுடைய தந்தை கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர். இரவில் இருமுவாராம். தீபாவளியோடு சிகரெட்டை நிறுத்திவிடுவதாக மகனிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். “இப்ப நிறுத்த வேணாம்னு சொல்லிட்டாரு சார். என் குழல் இருக்குல்ல. நான் ராத்திரி படிச்சு முடிச்சிட்டுப் பத்துக் குழல் சுத்திக் கொடுத்திடுவேன்” என்றான். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஆசிரியர் அறையில் ஒரு விவாதம்

பரிசு கொடுப்பதா, வேண்டாமா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், “சார், பிள்ளை பாசத்தோடு செய்திருக்கிறான். ஏதோ கொஞ்சமாவது தடுக்கிறது இல்லையா? ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்தானே? பரிசைக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கிச் சொல்லுங்கள்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பஞ்சு ஓரளவு தாரைப் பிடிக்கத்தான் செய்கிறது. அது பொய்யன்று. ஆனால், “ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்” என்ற அதே சொல்லை நம்பித்தான் உலகம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏமாந்து நிற்கிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

வடிப்பான் பிறந்த கதை

வெண்சுருட்டின் முனையில் வடிப்பானை வைக்கும் எண்ணம் பழையது. ஹங்கேரியைச் சேர்ந்த போரிஸ் ஐவாஸ் என்பவர் 1925-ஆம் ஆண்டில் சுருக்கத்தாளைக் கொண்டு வடிப்பான் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரஷ்யாவிலோ ‘பாப்பிரோசா’ என்ற வகை வெண்சுருட்டில், புகையிலைக்கு முன்னால் வெற்றுத் தாள்குழல் ஒன்றே பிடியாக இருந்தது. ஆக, நம் மாணவன் கண்டுபிடித்ததை உலகம் ஏற்கெனவே கண்டுபிடித்து, கோடிக்கணக்கில் விற்றும் பார்த்துவிட்டது.

நெடுங்காலம் வடிப்பானுக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வெண்சுருட்டுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட வடிப்பான் வைத்ததாக இல்லை. அதே ஆண்டில்தான் பிரிட்டனில் டால், ஹில் என்ற இருவரும், அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் என்ற இருவரும் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தத்தம் ஆய்வுகளில் வெளியிட்டார்கள். செய்தி மக்களிடையே பரவியது. புகைப்பவர்களுக்கு அச்சம் பிறந்தது. அந்த அச்சம் வளர்ந்திருந்தால் இலட்சக்கணக்கானோர் பழக்கத்தையே விட்டிருப்பார்கள்.

நிறுவனங்கள் அந்த அச்சத்திற்கு ஒரு மருந்தை நீட்டின. அதுதான் வடிப்பான். 1960-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவில் விற்ற வெண்சுருட்டுகளில் ஏறத்தாழ பாதி வடிப்பான் வைத்தவையாக மாறிவிட்டன. பத்தே ஆண்டுகளில்!

அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: ‘கென்ட்’ என்ற வெண்சுருட்டு, உடல்நலத்தைக் காக்கும் சிறந்த வடிப்பான் என்ற விளம்பரத்தோடு 1952-இல் சந்தைக்கு வந்தது. 1956 வரை அதன் வடிப்பானில் இருந்தது என்ன தெரியுமா? கல்நார்! நுரையீரலுக்குக் கொடிய புற்றுநோயைத் தரும் நீலக் கல்நார் இழைகள். பாதுகாப்பு என்று எண்ணி மக்கள் அதன் வழியாக மூச்சை இழுத்தார்கள்.

இரண்டு: ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக், புகை பட்டதும் நிறம் மாறும் வடிப்பான் ஒன்றைச் செய்யலாம் என்று 1953-இல் நிறுவனத்திற்கு எழுதினார். புகைப்பவர்கள் புகைப்பதற்கு முன்னும் பின்னும் வடிப்பானைப் பார்க்கிறார்கள். அது அழுக்கேறியிருந்தால் வேலை செய்கிறது என்று நம்புகிறார்கள். நிறம் மாறுவதால் வடிக்கும் திறன் கூடப்போவதில்லை என்றாலும் விற்பனைக்கு நல்லது என்பது அவருடைய கருத்தின் சாரம். நிறுவனத்தின் உள்ளேயே இருந்த இந்த ஆவணம் பின்னாளில்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மணிலா அட்டையும் ஏழு பஞ்சுத் துண்டுகளும் கண்முன் வந்து நின்றன. பெரிய நிறுவனத்தின் வேதியியலாளர் கணக்குப் போட்டு அறிந்ததை, ஒன்றும் அறியாத ஒரு பிள்ளை அன்பினால் செய்து காட்டிவிட்டான். அழுக்கான பஞ்சு மனிதனுக்கு ஆறுதல் தருகிறது. அவனும் அந்த ஆறுதலைத்தான் தன் தந்தைக்குக் கொடுத்திருக்கிறான்.

பஞ்சு எதைத் தடுக்கும்? எதைத் தடுக்காது?

இன்றைய வெண்சுருட்டின் வடிப்பான் பார்வைக்குப் பஞ்சுபோல் இருந்தாலும் அது பஞ்சன்று. செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழி வகையின் பல்லாயிரம் மெல்லிய இழைகள். பெருந்துகள்களையும் தாரின் ஒரு பகுதியையும் அவை பிடிக்கின்றன. ஆனால் புகையிலைப் புகை, துகள் மட்டுமன்று. அதில் வளியும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வளிகள் இழைகளுக்கு இடையே தடையின்றி நுழைந்துவிடும். துகள்களிலும் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றைவிடச் சிறியவை. ஏராளமானவை தப்பிச் சென்றுவிடுகின்றன. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாகவும் அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை என்றும் அறிவியலாளர்கள் கூறுகிறார்கள். பஞ்சில் ஒட்டிய பழுப்புக் கறை இந்தப் பட்டியலின் ஒரு மூலை மட்டுமே.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புகைப்பவர் எதற்காகப் புகைக்கிறார்? நிகோட்டினுக்காக. உடல் அதற்குப் பழகிப் போயிருக்கிறது. தடுப்பு ஒன்றை வைத்து அளவைக் குறைத்தால், உடல் சும்மா இருப்பதில்லை. அவர் அறியாமலே ஆழமாக இழுப்பார்; அடிக்கடி இழுப்பார்; நெடுநேரம் உள்ளே நிறுத்தி வைப்பார்; இன்னொன்றைப் பற்றவைப்பார். ஒரு கையால் தடுத்ததை மறுகையால் எடுத்துக்கொள்வார்.

வடிப்பானைச் சுற்றியுள்ள தாளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு துளைகள் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அவற்றின் வழியே காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும். ஆய்வுக்கூட இயந்திரம் புகைக்கும்போது தார் குறைவு என்ற எண் கிடைக்கும். ‘லைட்’, ‘மைல்ட்’ என்ற பெயர்களில் விற்றவை எல்லாம் இப்படித்தான். மனிதனோ அத்துளைகளை விரலாலும் உதட்டாலும் மூடிவிடுகிறான். இயந்திரத்துக்கு விரலும் இல்லை, உதடும் இல்லை, நிகோட்டின் ஏக்கமும் இல்லை! அமெரிக்க வணிக ஆணையம் அந்த இயந்திர அளவீட்டைச் சார்ந்த தன் பழைய வழிகாட்டுதலை 2008-இல் மீட்டுக்கொண்டது. அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2014-ஆம் ஆண்டு அறிக்கையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1960-களுக்குப் பிறகு வெண்சுருட்டின் அமைப்பில் ஏற்பட்ட மாற்றங்களால், நுரையீரலின் உட்பகுதியில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயின் ஆபத்து கூடியிருக்கிறது என்றும், துளையிட்ட வடிப்பான் அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றும் அது கூறுகிறது. புகையை ஆழமாக இழுத்தால் அது ஆழமான இடத்துக்குத்தானே போகும்?

இவ்வளவையும் கற்ற பிறகு, “ஏதோ கொஞ்சமாவது தடுக்கிறதே” என்ற சொல்லுக்கு என் பதில் இதுதான். கொஞ்சம் புகையைத் தடுப்பது உண்மை. அதோடு சேர்த்து, நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தையும் அல்லவா தடுத்துவிடுகிறது! அந்த லோரி ஓட்டுநர் தீபாவளிக்குக் கொடுத்த வாக்கை எது திரும்பப் பெற வைத்தது? மகன் சுற்றிக் கொடுத்த தாள்குழல்தானே?

என் தந்தையாரும் ‘பஞ்சு வைத்ததும்’

இது எனக்கு ஏட்டுச் செய்தி மட்டுமன்று. என் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என் சிறு வயதில் லயத்துப் பெரியவர்கள் சுருட்டும் பீடியும் ரோக்கோக் டாவுனும் புகைத்தார்கள். துக்க வீட்டில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் சிகரெட்டை வைத்திருந்ததும் நினைவில் உள்ளது. தோட்டத்துக் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கி வரச் சொல்லிச் சில்லறையை என் கையில்தான் கொடுப்பார் அப்பா. பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரரும் நினைத்ததில்லை, யாரும் நினைத்ததில்லை.

அப்பாவுக்கு இருமல் கூடியபோது அம்மா அழுது பார்த்தார். சண்டை போட்டுப் பார்த்தார். ஒருநாள் அப்பா, “இனிமே பஞ்சு வச்சதுதான் குடிக்கப் போறேன். போதுமா?” என்றார். அம்மாவுக்கும் போதும் என்றுதான் தோன்றியது. வீட்டில் சண்டை ஓய்ந்தது. அப்பா பீடியை விட்டு, விலை கூடிய வடிப்பான் சிகரெட்டுக்கு மாறினார். உடல்நலத்துக்காகச் செய்யும் செலவு என்றே அதை எல்லாரும் எண்ணினோம். நானும் கடைக்குப் போகும்போது, “பஞ்சு வச்சது கொடுங்க” என்று கவனமாகக் கேட்டு வாங்கி வருவேன். அப்பாவுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

அப்பா தம் 58-ஆம் வயதில் நுரையீரல் நோயால் காலமானார். நான் அப்பொழுது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். கடைசி மாதங்களில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடப்பதற்குள் மூன்று முறை உட்காருவார். பஞ்சு வைத்தது அவருக்கு எதைக் கொடுத்தது என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வாயை அடைத்தது. எங்கள் அனைவரின் அச்சத்தையும் அடைத்தது. பீடியே குடித்திருந்தாலும் இதே முடிவு வந்திருக்கலாம். ஆனால் அம்மா தொடர்ந்து சண்டை போட்டிருப்பார். அப்பா ஒருவேளை நிறுத்தியும் இருப்பார்.

அந்த மாணவன் தகரத்தைத் திறந்து காட்டியபோது, சில்லறையோடு கடைக்கு ஓடிய என்னைத்தான் அங்கே பார்த்தேன்.

இரண்டு தாள்கள்

அவனுக்கு முதல் பரிசு கொடுக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று ஓரிரவு முழுவதும் யோசித்தேன். “உன் கண்டுபிடிப்பு தவறு” என்று சொல்வது எளிது. அது அவன் அன்பையே தவறு என்று சொல்வதாகப் போய்விடுமே! ஆகவே அவனிடம், “உன் சோதனை இன்னும் முடியவில்லை. பஞ்சு பிடித்ததைக் காட்டிவிட்டாய். பிடிக்காமல் விட்டதையும் காட்ட வேண்டும். அதை அப்பாதான் செய்ய வேண்டும், நீ பக்கத்தில் இருக்கக் கூடாது” என்றேன். பிறகு அவனுடைய தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

பள்ளி வளாகத்தில் புகைப்பது சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு அருகில் புகைப்பது அதைவிடப் பெருங்குற்றம் என்பது என் கருத்து. எனவே அவரிடம் கேட்டுக்கொண்டது இதுதான். நீங்கள் எப்படியும் புகைக்கப் போகும் நேரத்தில், வீட்டுக்கு வெளியே, மகன் இல்லாதபோது, அவன் செய்த குழலையே பயன்படுத்துங்கள். முதல் முறை புகையை உள்ளே விழுங்காமல் வாயில் மட்டும் வைத்து, வெள்ளை மெல்லிழைத்தாளை உதட்டில் வைத்து அதன் வழியே ஊதுங்கள். அடுத்த முறை வழக்கம்போல் ஆழமாக இழுத்துவிட்டு, வேறொரு தாளின் வழியே ஊதுங்கள். இரண்டு தாள்களையும் மகனிடம் கொடுத்தனுப்புங்கள்.

அவர் கொடுத்தனுப்பவில்லை. ஒரு வாரம் கழித்துத் தாமே வந்தார். இரவு முழுவதும் லோரி ஓட்டிய கண்கள். சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் மேசையில் வைத்தார். முதல் தாளில் அடர்ந்த பழுப்பு வட்டம். மகனின் பஞ்சைக் கடந்து வந்த புகை அது. இரண்டாவது தாளில் மங்கலான கறை மட்டும்.

“ரெண்டும் ஒரே சிகரெட்டுதான் சார். ஒரே குழல்தான். இதுல இருந்தது, இதுல காணோம். மீதி எங்க போச்சு சார்?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவரே தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சிறிது நேரம் கழித்து, “பையன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்றார். “நீங்கள் செய்ததை அப்படியே காட்டுங்கள், அவனே சொல்லிவிடுவான்” என்றேன்.

மாணவன் தன் மணிலா அட்டையில் ஏழு பஞ்சுகளுக்குக் கீழே அந்த இரண்டு தாள்களையும் ஒட்டினான். பழைய தலைப்பை அடித்துவிட்டு, “மீதி எங்கே?” என்று எழுதினான். அந்த அட்டைதான் இன்று என் நலக்கல்விப் பாடத்தின் துணைப்பொருள். காணொளியை நிறுத்திவிட்டேன்.

அந்தத் தந்தை மறுநாளே புகைப்பதை நிறுத்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் உள்ள புகைத்தலை நிறுத்தும் சிகிச்சைப் பிரிவில் பெயர் கொடுத்தார். இருமுறை விட்டு, இருமுறையும் மீண்டும் தொடங்கினார். மூன்றாம் முறையாக முயன்றுகொண்டிருக்கிறார். ஆனால் மகன் இப்பொழுது இரவில் குழல் சுற்றுவதில்லை.

ஆசிரியர்களுக்கு

1. அழுக்கான பஞ்சோடு பாடத்தை முடிக்காதீர்கள். “இது பிடிபட்டது, பிடிபடாதது எங்கே போனது?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பாடத்தின் உயிர் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

2. புத்தாக்கப் போட்டிகளில் ‘பாதுகாப்பாகப் புகைக்க’ உதவும் படைப்பு வந்தால் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மாணவனை அவமதிக்கவும் வேண்டாம். அவன் சோதனையை ஓர் அடி மேலே கொண்டுசெல்ல உதவுங்கள்.

3. பள்ளி வாயிலுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நின்று புகைக்கும் நம் உடன்பணியாளர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். துப்புரவுப் பணி நாளில் நீங்கள் வீசிய துண்டுகளைப் பொறுக்குகின்றவர்கள் அவர்கள்தாம். அத்துண்டு நெகிழி; எளிதில் மக்காது. வடிப்பானை ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியாகவே கருதி, அதைத் தடைசெய்வது பற்றி நாடுகள் எண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் கேட்டுக்கொண்டது.

பெற்றோருக்கு

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுள் 21.3 விழுக்காட்டினர் புகைத்தார்கள். ஆண்களை மட்டும் கணக்கிட்டால் 40.5 விழுக்காடு. அதாவது, பத்து ஆண்களில் நால்வர். என் வகுப்பில் உள்ள முப்பது பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் இரவு இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டிகளில் படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009-இல் வந்தது. உணவகங்களில் புகைக்கத் தடை 2019 ஜனவரி 1-இல் வந்தது. புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பது குற்றம். என் அப்பா காலத்தில் நான் சில்லறையோடு ஓடியதுபோல் இன்று எந்தப் பிள்ளையும் கடைக்கு ஓடக் கூடாது. ஆனால் வீட்டுக்குள் பிள்ளை உருட்டும் தாள்குழலுக்கு எந்தச் சட்டம் வரும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடையே வெண்சுருட்டுப் பழக்கம் 2017-இல் 13.8 விழுக்காடாக இருந்து 2022-இல் 6.2 விழுக்காடாகக் குறைந்தது. மகிழ்ச்சி. அதே காலத்தில் மின்சிகரெட் பழக்கம் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாகக் கூடியது. “இதில் தார் இல்லை, வெறும் ஆவிதான்” என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அப்பா சொன்ன ‘பஞ்சு வச்சது’ என்ற சொல்தான் எனக்குக் கேட்கிறது. பெயர் மாறுகிறது, பழக்கத்தை விடாமலே அச்சத்தை மட்டும் விடுகின்ற தந்திரம் மாறவில்லை.

புகைக்கும் தந்தையரே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. நிகோட்டினின் பிடி எவ்வளவு கடினம் என்பதை என் வீட்டிலேயே கண்டவன் நான். நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பிள்ளை உங்களைக் காப்பாற்ற ஏதேனும் செய்துகொண்டு வந்தால், அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு அவனுடைய அச்சத்தை ஆற்றிவிடாதீர்கள். உங்கள் உயிரைக் காக்கும் பொறுப்பு பத்து வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு உரியதன்று. ஒருநாள் அந்தக் குழல் உங்களைக் காக்கத் தவறினால், “நான் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கலாமோ” என்று அவன் வாழ்நாளெல்லாம் வருந்துவான். எனக்குத் தெரியும்.

அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ஆலோசனை தருவார்கள், தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். ஒருமுறை தோற்றால் மறுமுறை செல்லுங்கள். போகும்போது பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவன் செய்யும் எந்தக் குழலையும்விட அந்தச் சொல் அவனுக்குப் பெரிய நிம்மதியைத் தரும்.

உங்கள் கருத்துகளையும் வகுப்பறை அனுபவங்களையும் அறிய ஆவலாக உள்ளேன். சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்